பாண்டவர் குழிகளும் ஊர்ப் புறம்போக்கும்



ஏரிக்கு அப்பால் சரளை மேட்டில் பெருங்கற்கள் வட்டமாகக் கிடப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். வனவாசத்தில் பாண்டவர் தங்கிய குழிகள் என்று ஊரார் கூறுவர். உண்மையில் அவை இரும்புக்கால மக்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்த இடங்களாம். மதுராந்தகத்தை அடுத்த சானூரில் மத்தியத் தொல்பொருள் துறையினர் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் இத்தகைய கல்வட்டங்களை அகழ்ந்தனர். கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பெட்டிகளும், கறுப்பு சிவப்பு மட்கலங்களும், இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன.

உழவர்களாகிய நாம் கவனிக்கவேண்டுவது அவற்றின் இருப்பிடத்தையே. செங்கற்பட்டு வட்டாரத்தில் இவ்வீமக்காடுகள் பெரும்பாலும் பாறையும் சரளையுமான மேட்டில் உள்ளன. அருகிலேயே ஏரியும் பாசன நிலமும் காணப்படும். உழத்தக்க மண்ணை உயிருள்ளோர்க்கு விட்டு, விளையாத தரையை இறந்தோர்க்கு ஒதுக்கியிருக்கின்றனர். செட்டில்மெண்டு ரிகார்டு இல்லாத காலத்தில் நிலத்தைத் தரம் பிரித்த அறிவு இது!

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும் தாழிகள் பரம்பு மேட்டில்தான் புதைக்கப்பட்டன. அங்கு 1899 முதல் அகழ்ந்த அலெக்சாந்தர் ரீ, நெல்லுமியையும் சிறுதானிய உமியையும் கண்டார். அருகிலுள்ள சிவகளையில் தாழியிற் கிடைத்த நெல் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமையுடையது என 2021 இல் அறிவிக்கப்பட்டது. விளைநிலத்தைக் காத்தவர்கள் விளைச்சலில் ஒரு பங்கை இறந்தோருடன் வைத்தனர்.

இன்றோ அச்சரளைக்கே கிராக்கி. சாலைக்கும் மனைக்கும் அதைத்தான் வெட்டுகிறோம். வட்டக் கற்களை வேலிக்கும் வரப்புக்கும் பெயர்த்துவிட்டால், அடியில் உள்ளதைக் காட்டும் அடையாளமே போய்விடும். புதையல் ஆசையில் தோண்டுவோரும் உளர். அவர்கள் கைக்குப் பெரும்பாலும் எட்டுவது உடைந்த ஓடும் துருப்பிடித்த இரும்புமே. தாழிக்குள் எது எதன்மேல் இருந்தது என்பதைக் கொண்டே ஆராய்ச்சியாளர் காலமும் வழக்கமும் கூறுகின்றனர். ஒருமுறை கலைத்ததை மறுமுறை அடுக்க இயலாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என 1878 ஆம் ஆண்டுச் சட்டமே விதிக்கிறது.

ஆகவே புறம்போக்கில் சரளை எடுக்கவோ, தரிசைச் சமன் செய்யவோ தீர்மானம் கொண்டுவரும் முன்பு, வார்டு உறுப்பினரும் கிராம நிர்வாக அலுவலரும் அவ்விடத்தை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். ஊர் முதியோரையும் உடன் அழைத்துச் செல்லலாம். கற்கள் எங்கெங்கே இருந்தன என்பதை அவர்களே நன்கறிவர். கல்வட்டமோ தாழியின் விளிம்போ தென்பட்டால் வேலையை அங்கே நிறுத்தி, கலெக்டருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். சர்வே எண், வட்டங்களின் எண்ணிக்கை, அருகிலுள்ள ஏரியின் பெயர் ஆகியவை அக்கடிதத்தில் இருந்தால் போதும்.