பழைய இரும்பில் ஒளிந்த எமன்

(அமிர்தியில் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமிர்திக் காட்டு நிழலில் அமர்ந்து அணுக்கதிரைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று எண்ணுவீர்கள். காரணம் உண்டு. இம்மலையிலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு இறங்குகிறவன் கையில் கிடைப்பது என்ன? செங்கல், மூட்டை, பழைய இரும்பு! அந்தப் பழைய இரும்புக்குள்தான் எமன் ஒளிந்திருந்தான், 2010-ஆம் ஆண்டில், தில்லி மாயாபுரியில்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் பயனற்றுக் கிடந்த ஆய்வுக் கருவி ஒன்று, அவ்வாண்டு பிப்ரவரியில் ஏலத்தில் போயிற்று. உள்ளே இருந்தது கோபால்ட்-60! விற்றவர் எண்ணிப் பார்க்கவில்லை, வாங்கியவர் அறியவில்லை. ஈயக் கவசம் பிரிக்கப்பட்டது. தொட்டவர் தோல் கறுத்தது; முடி உதிர்ந்தது; ஏப்ரலில் ஓர் உயிர் பிரிந்தது. படித்தவர் மறந்தனர், பாட்டாளி மாண்டான்! கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டம் பெற்றோரைக் கேட்கிறேன், இது யார் குற்றம்?

நான் எழுதும் நாடகத்தில் வில்லன் மேடைக்கு வந்தே தீருவான். இந்த வில்லனுக்கோ நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. கருவியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

1987-இல் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவ நிலையத்துச் சீசியம் பழைய இரும்புக் கடை வழியே பரவி நால்வரைக் கொன்றது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சோதித்தனர். மாசு காணப்பட்டோர் 249 பேர்! அந்த 249 பேரைக் கண்டறிய, அஞ்சி வந்த இலட்சம் பேருக்கு இடமும் விடையும் தரவேண்டியிருந்தது.

அப்படியானால் வேலூர் மாநகராட்சி போன்ற ஓர் ஆட்சி மன்றம் செய்ய வேண்டியது என்ன? கதிர்ப்பொருள் வைத்திருக்கும் மருத்துவமனை, ஆலை, ஆய்வகங்களின் பட்டியல். இரும்புக் கடைதோறும் எச்சரிக்கைப் படம். தீயணைப்போர் கையில் கதிர் அளக்கும் கருவி. மக்களைச் சோதிக்க, உடை மாற்றிக் குளிக்கவைக்க ஒரு திடல். உண்மையை உடனே உரைக்க ஒரு குரல்! தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறது, உண்மை. ஆயினும் அவர்கள் வந்து சேரும்வரை உள்ள நேரம் நகராட்சியின் பொறுப்பன்றோ!

குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் குரல் எழுப்பும் மாமன்ற உறுப்பினர்கள் இதற்கும் எழுப்பட்டும். நீங்கள் இரும்புக் கடைத் தோழனிடம் சொல்லுங்கள்: மஞ்சளில் கறுப்பு மூவிதழ்க் குறி கண்டால் தொடாதே, உடைக்காதே, விலகி நின்று காவல்துறைக்குச் சொல்!

ஏழையின் கை படுமுன் ஆட்சியின் கண் படவேண்டும். அதற்காகத்தானே ஆட்சி!