கேட்கீப்பரோடு முடிகிற கணக்கா இது?



நாம் கூடியிருக்கும் இந்த மஞ்சக்குப்பத்திலிருந்து செம்மங்குப்பம் தொலைவில் இல்லை. 2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, அங்கே ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் துக்கத்தை உங்களிடம் விவரிக்க நான் யார்? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நீங்கள். அதற்குப் பிறகு நடந்ததையும், அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியதையும் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

விபத்து நடந்த சில மணி நேரத்துக்குள் ரயில்வேயிடமிருந்து அறிக்கை வந்தது. வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் கேட்கீப்பர் வழிவிட்டார் என்றது அந்த அறிக்கை. கேட் திறந்தே கிடந்தது என்று ஊர் மக்கள் திரண்டு சொன்னார்கள். பிறகு அந்த அறிக்கையே மாறியது. கேட்கீப்பர் கைது செய்யப்பட்டார். அவர் தவறு செய்திருந்தால் சட்டம் தண்டிக்கட்டும். அவருக்காக வாதாட நான் இந்த மேடை ஏறவில்லை. ஆனால் அந்தக் கேட்டில் ஒரு மனிதரின் சொல்லை மட்டும் நம்பி ரயிலை விடலாம் என்று முடிவு செய்தவர் யார்? அவர் எந்த விசாரணைக் கூண்டில் நின்றார்?

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் சிக்னல் பச்சைக்கு வரும். மூடவில்லை என்றால் ரயில் நின்றுவிடும். மனிதன் கண்ணயர்ந்தாலும் பொறி காப்பாற்றும். செம்மங்குப்பத்தில் அன்று அது இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட்கீப்பர் “மூடியாச்சு” என்று சொல்லி ஓர் எண்ணைக் கொடுப்பார். அதை நம்பி ரயில் வரும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஏன் இல்லை? அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 20,000-ஐத் தாண்டினால் இன்டர்லாக்கிங், தாண்டாவிட்டால் போன். பிள்ளைகள் இறந்த பிறகு ரயில்வே அமைச்சர் அந்த வரம்பை 10,000 ஆகக் குறைத்தார். எல்லாக் கேட்டுகளிலும் கேமரா என்றார்.

பத்தாயிரம் போதும் என்பது ஜூலை மாதத்தில் கண்டுபிடித்த விஞ்ஞானமா? ஜூன் மாதத்தில் அந்தத் தொழில்நுட்பம் இல்லையா? இருந்தது. பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரு கையெழுத்தில் குறைக்க முடிந்த வரம்பை, மூன்று பிள்ளைகள் செத்த பிறகுதான் குறைத்தார்கள் என்றால், முந்தைய கையெழுத்துக்கு யார் பொறுப்பு? அந்தக் கோப்பு எங்கே? அதைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும். அங்கே சுரங்கப்பாதை அமைக்க முழுச் செலவையும் ஏற்க ஒப்புக்கொண்டோம், மாவட்ட ஆட்சியர் ஓராண்டாக அனுமதி தரவில்லை என்று ரயில்வே சொன்னது. அது உண்மையானால் மாநில அரசும் பதில் சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் கடிதம் வந்தது, எந்த மேசையில் கிடந்தது? ஒன்றியம் மாநிலத்தைக் கை காட்ட, மாநிலம் ஒன்றியத்தைக் கை காட்ட, நடுவில் தண்டவாளத்தில் கிடப்பவர்கள் நம் பிள்ளைகள்.

தோழர்களே, இது ஒரு கேட்டின் கதை அல்ல. 2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலசோர் அருகே பஹநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கும் மேல் மாண்டார்கள். வடக்கே வேலைக்குப் போன நம் ஆட்களும், இங்கே வேலைக்கு வரும் வங்காளத்து, ஒடிசாத்து ஏழைகளும் ஏறுகிற வண்டி அது. சிக்னல் சுற்றில் செய்த மாற்றத்தில் ஏற்பட்ட தவறு என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார். சி.பி.ஐ. மூன்று ஊழியர்களைக் கைது செய்தது. மூன்று பேரும் சிக்னல் பிரிவில் களத்தில் வேலை பார்த்தவர்கள்.

ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பே, 2023 பிப்ரவரியில், கர்நாடகத்தில் ஹோசதுர்கா ரோடு ஸ்டேஷனில் ஒரு ரயில் தவறான பாதையில் திரும்பவிருந்தது. ஓட்டுநர் கண்டு நிறுத்திவிட்டார். தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க மேலாளர் மறுநாளே கடிதம் எழுதினார்: இந்த முறையில் பெரும் குறை இருக்கிறது, சரிசெய்யாவிட்டால் மோதல்கள் நடக்கும் என்று. 2022 மே மாதம், பஹநாகா பஜார் அடங்கும் கரக்பூர் கோட்டத்திலேயே இதேபோன்ற தவறு நடந்திருந்தது. அப்போதே திருத்தியிருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்று ஆணையரின் விசாரணையே சொல்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? கம்பி முடுக்கியவர் சிறைக்குப் போனார். கடிதம் வாங்கியவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பணம் இல்லை என்பார்கள். 2017-இல் ‘ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்‌ஷா கோஷ்’ என்று ஒரு பாதுகாப்பு நிதியம் தொடங்கினார்கள். ஐந்தாண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய். அதில் ஆண்டுதோறும் 5,000 கோடியை ரயில்வே தன் வருமானத்திலிருந்து போட வேண்டும். நான்கு ஆண்டில் 20,000 கோடி. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2022-இல் தாக்கல் செய்த அறிக்கையைப் படியுங்கள்: அதில் 15,775 கோடி போடப்படவே இல்லை. போட்ட பணத்திலும், கால் பிடித்துவிடும் கருவி வாங்கியிருக்கிறார்கள். பீங்கான் பாத்திரம், மேசை நாற்காலி வாங்கியிருக்கிறார்கள். தண்டவாளத்துக்கும் சிக்னலுக்கும் என்று எடுத்து வைத்த பணம் ஐயா அது! எந்த அதிகாரியின் காலுக்கு அந்தக் கருவி? எவரேனும் திருப்பிக் கட்டினார்களா? தடம்புரண்ட விபத்துகளின் விசாரணை அறிக்கைகளில் நூற்றுக்கு 63 குறித்த காலத்தில் வரவில்லை என்றும் அதே தணிக்கை சொல்கிறது.

இதையெல்லாம் கேட்கும் இடமும் சுருங்கிவிட்டது. 1924 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. நம் ஊர்ப் பாதைக்கு என்ன, கேட்டுக்கு என்ன என்று எம்.பி.க்கள் எழுந்து கேட்க ஒரு நாள் இருந்தது. 2017-இல் அதைப் பொது பட்ஜெட்டில் கரைத்தார்கள். இப்போது நிதி அமைச்சரின் உரையில் ரயிலுக்குச் சில வரிகள். மீதியை, ரயில்வே வேலைகளைப் பட்டியலிடும் பிங்க் புத்தகத்தில் தேடிப் பிடிக்க வேண்டும்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். எல்லா மேடையிலும் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். நான் ராஜினாமா கேட்கவில்லை. ராஜினாமா ஒரு நாள் செய்தி. மறுநாள் அடுத்த அமைச்சர் வருவார், கேட் அப்படியே இருக்கும். எனக்கு வேண்டியது காகிதம். விபத்து விசாரணை அறிக்கை ஒவ்வொன்றும் முழுதாக, குறித்த நாளுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதில் எச்சரிக்கையைப் பெற்று அசையாமல் இருந்த உயரதிகாரியின் பதவிப் பெயர் இருக்க வேண்டும். விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில் எந்தெந்தக் கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை, எந்தத் தேதிக்குள் வரும், அங்கே கேட்கீப்பருக்கு எட்டு மணி நேரப் பணியா, பன்னிரண்டு மணி நேரமா என்பதை ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

மேடைக்கு இடப்புறம் மேசையில் தகவல் உரிமைச் சட்ட மனுக்கள் அச்சடித்து வைத்திருக்கிறோம். இந்தப் பாதையில் கேட் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய். உங்கள் ஊர்க் கேட்டின் எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரும் பதில்களை எடுத்துக்கொண்டு நம் எம்.பி. வீட்டு வாசலுக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம்.