சின்ன டிராக்டருக்குத் தோண்டும் கை

தென்னையும் மாவும் வைத்திருக்கிறவர்களிடம் இருபது, இருபத்தைந்து குதிரைத்திறன் கொண்ட சின்ன டிராக்டரை இப்போது நிறையப் பார்க்கிறோம். மரங்களுக்கு நடுவே புகுந்து உழுவதற்காக வாங்கியது. அதன் பின்னால் மண் தோண்டும் பேக்ஹோ இணைப்பு ஒன்றைப் பொருத்தலாமா, பொருத்தினால் தாங்குமா என்று பலர் கேட்கிறார்கள். பொருத்தலாம். முறையாகப் பொருத்திய பேக்ஹோ அருமையான கருவி. ஆனால் விற்பனையாளரிடம் போனதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை அடி தோண்டும்?" என்றுதான். அந்தக் கேள்வி பிறகு வரட்டும். "டிராக்டரை எங்கே பிடித்துக்கொள்கிறது?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

இந்தக் கருவி டிராக்டரோடு பிறந்ததுதான். அமெரிக்காவில் வெயின்-ராய் என்ற பெயரில் ஹைட்ராலிக் பேக்ஹோ 1948-இல் விற்பனைக்கு வந்தபோது, அது ஃபோர்டு விவசாய டிராக்டரின் பின்னால்தான் இருந்தது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1953-இல் முன்பக்கம் மண் அள்ளும் லோடரும் பின்பக்கம் தோண்டும் கையும் வைத்து உருவாக்கிய இயந்திரத்துக்கும் அடியில் இருந்தது ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டர். நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ஜேசிபி அந்த வழியில் வளர்ந்ததுதான். ஆக, டிராக்டரும் தோண்டும் கையும் ஒட்டாத ஜோடி இல்லை. எப்படி ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பு ஹாரி ஃபெர்குசன் உழவுக்காக வகுத்த அமைப்பு. கலப்பை மண்ணில் இறங்கிப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுவையை டிராக்டரின் பின் சக்கரத்துக்குச் சாதகமாகத் திருப்பிவிடும் அருமையான ஏற்பாடு அது. தோண்டும் கை கொடுக்கும் விசை வேறு மாதிரியானது. வாளியை மண்ணில் அழுத்தும்போது பேக்ஹோவின் சட்டம் மேலே எழும்பப் பார்க்கிறது. வாளி வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் சட்டம் முன்பக்கமாக, ஓட்டுநர் இருக்கையை நோக்கிச் சாயப் பார்க்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் கீழ்க் கைகள் இரண்டும் மேல்நோக்கித் தடையில்லாமல் எழும். அவற்றைக் கீழே பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மூன்று பின்களில் மட்டும் மாட்டிய பேக்ஹோ எழும்பி, ஓட்டுபவரை இருக்கையோடு நசுக்கிவிடும் ஆபத்து உண்மையானது. "மாட்டுவதும் கழற்றுவதும் எளிது" என்று அந்த வகையைப் புகழ்ந்து சொன்னாலும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

விசை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோண்டும் கையை அசைக்கும் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் 150 பார் அழுத்தத்தில் எண்ணெய் போனால், அது ஏறக்குறைய 5 டன் விசையோடு தள்ளும். கையின் நெம்பு விகிதத்தால் வாளிப் பல்லில் கிடைப்பது அதைவிட வெகுவாகக் குறையும். ஆனாலும் டன் கணக்கில்தான் பேச வேண்டியிருக்கும். டிராக்டரின் மொத்த எடையே ஒரு டன்னுக்கு அக்கம்பக்கம்தான். லாரிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனி சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பெட்டி என்று வார்ப்பிரும்புப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். அதுவே அதன் முதுகெலும்பு. பேக்ஹோவைப் பின்புறத்தில் மட்டும் பிடித்தால் ஒவ்வொரு தோண்டலும் அந்த முதுகெலும்பை வளைக்கும். கிளட்ச் ஹவுசிங்கில் மயிரிழை விரிசல் விழுந்து, கடைசியில் டிராக்டர் நடுவில் பிளந்துபோவது அப்படித்தான்.

இதற்கு மருந்து அடிச்சட்டம். பேக்ஹோவிலிருந்து டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் இரண்டு பக்கமும் உருக்குச் சட்டம் ஓடி, முன் அச்சுக்கு அருகே எஞ்சின் தாங்கியில் அல்லது லோடரின் தாங்கியில் போய்ப் பிடிக்க வேண்டும். வாளியின் விசை அந்தச் சட்டத்தின் வழியாகவே போகும். வார்ப்பிரும்புக்குச் சுமை ஏறாது. விலை கூடுதல்தான். பொருத்தவும் நேரமாகும். என் கருத்தில், அடிச்சட்டம் இல்லாத பேக்ஹோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தக்கதல்ல. அதிலும் உங்கள் டிராக்டர் மாடலுக்கென்றே செய்த சட்டமாக இருக்க வேண்டும். பட்டறையில் வெட்டி ஒட்டிச் சமாளித்துவிடலாம் என்று கியர் பெட்டியில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். டிராக்டர் நிறுவனம் இந்த இணைப்பை அனுமதிக்கிறதா, உத்தரவாதம் நீடிக்குமா என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது எடை. 900 கிலோ டிராக்டரின் முன் அச்சில் 360 கிலோ நிற்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.55 மீட்டர் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் எடை மையம் விழும்படி 400 கிலோ பேக்ஹோவைத் தொங்கவிட்டால், முன் அச்சிலிருந்து சுமார் 260 கிலோ தூக்கப்பட்டுவிடும். மிச்சம் 100 கிலோ. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே அது 180 கிலோ. 100 கிலோவில் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. வரப்பு ஏறும்போது முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். முன்னால் லோடர் இருந்தால் நல்லது; இல்லையென்றால் முன் எடைகள் மாட்டியே ஆக வேண்டும்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழுத்தம் வலுவைத் தரும்; நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது வேகத்தைத் தரும். முன்பு சொன்ன அதே சிலிண்டர் 40 சென்டிமீட்டர் நீள, 20 லிட்டர் ஓட்டத்தில் 4 விநாடி ஆகும். 12 லிட்டரில் ஏழு விநாடி வரை ஆகும். டிராக்டரின் சொந்த பம்பு போதாவிட்டால், எஞ்சின் சக்தியை வெளியே தரும் பி.டி.ஓ. தண்டில் மாட்டும் தனி பம்பும் தனி எண்ணெய்த் தொட்டியும் உள்ள வகையை எடுக்கலாம். டிராக்டரின் எண்ணெயையே எடுத்தால், திரும்பி வரும் குழாயை மாட்டாமல் ஒருபோதும் எஞ்சினை முடுக்காதீர்கள். எண்ணெய் போக வழியின்றி வால்வின் சீல்கள் பிய்த்துக்கொள்ளும், சில சமயம் வால்வே வெடிக்கும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் மிக ஆபத்தானது. ஊசி முனை அளவு துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் போயிருந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது ஆழத்துக்கு வரலாம். இந்த அளவு டிராக்டருக்கான பேக்ஹோக்கள் ஆறு, ஏழு அடி வரை தோண்டும். தோப்பு வேலைக்கு அது தாராளம். சொட்டு நீர்க் குழாய்க்கு இரண்டடி ஆழ வாய்க்கால் போதும். தென்னைக் குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 குழி. ஆள் கிடைக்காத காலத்தில் அந்த எழுபது குழியை வெட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்பதை நட்டவர்கள் அறிவார்கள். இந்தக் கருவியின் அருமை அங்கேதான் தெரிகிறது. பெரிய இயந்திரம் ஏழு டன்னுக்கு மேல் எடையோடு வளர்ந்த தோப்புக்குள் வந்தால் வேர் மண்ணை அழுத்திக் கெட்டியாக்கிவிட்டுப் போகும். சின்ன டிராக்டர் கிளைக்கு அடியில் புகுந்து, ஒரு மரத்துக்கும் காயமில்லாமல் வேலையை முடிக்கும். அதற்காகப் பண்ணைக்குட்டை வெட்டவும் கிணறு தூர்வாரவும் இதை வாங்காதீர்கள். அதற்கு மணிக்கணக்கில் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே சரி.

வாளி அகலத்தில் ஆசைப்பட வேண்டாம். செம்மண்ணுக்கு ஒரு அடி வாளி நல்லது. சுக்கானும் சரளையும் உள்ள நிலத்தில் ஒன்பது அங்குலமே போதும். அகலம் குறைந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் விசை கூடும். மழைக்காலக் கரிசல் வாளியில் ஒட்டிக்கொண்டு விழாது. அந்த நாட்களில் தோண்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பொருத்தும் நாளில் கெட்டியான சமதரையைத் தேர்ந்தெடுங்கள். அடிச்சட்டத்தை முதலில் முறுக்கி முடித்துவிட்டு, டிராக்டரைப் பின்னோக்கி மெல்லக் கொண்டுவந்து, பேக்ஹோவின் சொந்த ஜாக்கிக் கால்களையும், தோண்டும் கையின் முதல் பகுதியான பூமையும் கொண்டே அதை உயர்த்தி இறக்கிக் கொக்கியில் உட்கார வைக்க வேண்டும். இரும்புக் கம்பியால் நெம்பி உட்கார வைப்பது கை விரலுக்கு ஆகாது. பின்களும் பூட்டும் விழுந்தபிறகு, தோண்டும் கையை இடமும் வலமும் முழுதாகச் சுழற்றி டயரிலும் மட்கார்டிலும் இடிக்கிறதா என்று பாருங்கள். இயக்குவது எப்போதும் இருக்கையில் உட்கார்ந்துதான். கீழே நின்று நெம்புகோலைத் தொடக் கூடாது. சாலையில் போகும்முன் பூம் பூட்டும் சுழற்சிப் பூட்டும் போட்டாக வேண்டும்.

தோண்டும்போது வாளியை ஓங்கி அடிக்காமல், மெல்லிய வில்லைகளாக மண்ணைச் சீவி எடுங்கள். குழிச் சுவரைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளினால் முதலில் தேய்வது சுழற்சி அச்சின் புஷ்தான். மின்கம்பி தலைக்கு மேலே போகிறதா, போர் மோட்டாரின் கேபிள் மண்ணுக்கு அடியில் போகிறதா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு கை வையுங்கள். நெஞ்சளவு ஆழமான குழிக்குள், தடுப்புப் பலகை இல்லாமல், யாரையும் இறக்க வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் விற்பனையாளரைத் தோட்டத்துக்கே வரவழைத்து, உங்கள் நிலத்தில் மிகக் கெட்டியான மூலையில் ஒரு குழி தோண்டிக் காட்டச் சொல்லுங்கள். தோண்டி முடித்ததும் குழியைப் பார்க்கப் போகாமல் டிராக்டரின் அடியில் குனிந்து போல்ட்களைப் பாருங்கள். வாங்கிய பிறகும், முதல் சில மணி நேர வேலை முடிந்ததும் அடிச்சட்டத்தின் எல்லா போல்ட்களையும் டார்க் ஸ்பேனர் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். புதுச் சட்டம் உட்காரும்போது போல்ட்கள் தளர்வது இயல்புதான்.