ஒரே நிலநடுக்கம், இரண்டு கணக்கு

ஒரு வானொலி நிலையத்துக்கு இத்தனை கிலோவாட் என்று ஒரு திறன் உண்டு. கோபுரத்துக்குப் பக்கத்து ஊரில் குரல் கணீரென்று கேட்கும். மலைக்கு அப்பால் உள்ள வீட்டில் கரகரக்கும். புறப்படும் திறன் ஒன்றுதான். போய்ச் சேரும் வலு ஊருக்கு ஊர் வேறு. நிலநடுக்க அறிவியலில் வழங்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் காட்ட, அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் ரிக்டர் எடுத்துக்கொண்டதும் இதே உவமைதான்.

மேக்னிட்யூட், இன்டென்சிட்டி என்பவை அந்தச் சொற்கள். முன்னதை அளவு என்றும் பின்னதைத் தாக்கம் என்றும் கொள்ளலாம்.

மேக்னிட்யூட் கணக்கை 1935இல் தந்தவர் ரிக்டர். விண்மீன்களின் ஒளியைக் குறிக்க வானியலார் வைத்திருந்த சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்பதை இது சொல்கிறது. இந்த எண்ணில் ஒன்று கூடினால், கருவியில் பதியும் அலையின் வீச்சு 10 மடங்கு. வெளிப்படும் ஆற்றலோ ஏறக்குறைய 32 மடங்கு.

இன்டென்சிட்டிக்கு இப்போது பெரிதும் வழங்கும் அளவுகோல், இத்தாலியப் பாதிரியார் மெர்கல்லி 1902இல் வகுத்ததிலிருந்து வளர்ந்தது. 1 முதல் 12 வரை படிகள். தூங்கியவர்கள் விழித்தார்களா, ஜன்னல்கள் கடகடத்தனவா, சுவர் விழுந்ததா என்று ஊர் ஊராகப் பார்த்துத் தரும் எண் இது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் இந்த வேறுபாட்டை அனுபவித்தே அறிந்தது. 2010 செப்டம்பரில் நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், விடியுமுன் வந்த நிலநடுக்கத்தின் மேக்னிட்யூட் 7.1. கட்டடங்கள் சேதமடைந்தும் இடிபாட்டில் சிக்கி ஒருவரும் இறக்கவில்லை. 2011 பிப்ரவரி 22 அன்று வந்ததோ 6.2தான். ஆனால் அது நகரை ஒட்டி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்தில், மக்கள் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் இருந்த நண்பகலில் நிகழ்ந்தது. 185 பேர் மாண்டார்கள். சிறிய எண்தான் பெரிய துயரம் ஆனது.

தூரம் மட்டுமே தாக்கத்தைத் தீர்மானிப்பதில்லை. 1985இல் மெக்சிகோ நகரைக் குலைத்த நிலநடுக்கம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையில் தோன்றியது. பழைய ஏரிப் படுகையின் இளகிய மண் அந்த அலைகளைப் பல மடங்கு பெருக்கியது. ஏரி மண்ணில் நின்ற கட்டடங்கள் சரிந்தன; அதே நகரின் கெட்டியான தரையில் நின்ற பகுதிகள் பெரும்பாலும் தப்பின.

செய்தியில் ‘ரிக்டர் அளவில்’ என்று வரும் எண் முதல் கணக்கை மட்டுமே சொல்கிறது. இரண்டாவது கணக்குக்குக் கருவிகளோடு மனிதர்களின் சாட்சியும் வேண்டும். அதனால்தான் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம், நடுக்கத்தை உணர்ந்தவர் எந்த நாட்டில் இருந்தாலும் இணையவழியே கேட்கிறது: அலமாரிப் பொருள்கள் கீழே விழுந்தனவா? நிற்க முடிந்ததா? சுவரில் விரிசல் உண்டா?