அர்ச்சுனன் ஏன் நம் ஊர்ப் பக்கம் வந்தான்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"புராணம் என்றால் என்ன, அந்தக் காலத்து மக்கள் ஏன் அதை உண்டாக்கினார்கள்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் தமிழ்ப் புலவன் இல்லை. பி.காம் படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த கணக்கு பாஷையில்தான் சொல்ல முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புராணம் என்ற சொல்லுக்குப் பழையது என்று பொருள். இப்போது தொன்மம் என்கிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும், கதை முடிந்ததும் பேரப்பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தாத்தா, இது நிஜமா நடந்துச்சா?" ஆமாம் என்று சொன்னாலும், சும்மா கதைதான் என்று சொன்னாலும், அது பாதிப் பதில்தான்.

கணக்கில் இரண்டு புத்தகம் உண்டு. நாளேட்டில் அன்றன்று நடந்தது நடந்த வரிசையில் இருக்கும். பேரேட்டில் கணக்கு வாரியாக இருக்கும். அதைத் திறந்தால் கண் நேராகப் போவது கீழே நிற்கும் பாக்கிக்குத்தான். வரலாறு நாளேடு மாதிரி. எந்த வருஷம், எந்த ராஜா என்று அங்கே தேடலாம். புராணம் பேரேடு மாதிரி. அந்த மக்கள் எதற்குப் பயந்தார்கள், எது இல்லாமல் தவித்தார்கள், யாருக்குக் கடன்பட்டார்கள் என்பதை அங்கே தேட வேண்டும். எழுத்தும் காகிதமும் எல்லார் கைக்கும் வராத காலத்தில், மறக்கக் கூடாததைக் கதையாக்கி வாயிலேயே வைத்துக்கொண்டார்கள்.

தூரத்துக்குப் போக வேண்டாம். நம் ஆனைக்குட்டம் அணைக்கு வரும் ஆற்றின் பெயர் அர்ச்சுனா நதி. வனவாசத்தில் பாண்டவர்கள் மகாலிங்கமலை அடிவாரத்துக்கு வந்தார்களாம். குளிக்கத் தண்ணீர் இல்லை. அர்ச்சுனன் கங்கையை வேண்டிப் பூமியில் அம்பு விட்டான், ஆறு வந்தது என்பார்கள். இந்த ஆறு இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. வைப்பாற்றுக்கும் ஒரு கதை உண்டு. இலங்கைக்குப் போகும் வழியில் ராமர் தண்ணீர் தேடினார். ஒரு சித்தர் தீர்த்தங்களை எல்லாம் குடத்தில் அடக்கி மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தார். ராமர் அம்பால் குடத்தை உடைத்தார். புதைத்து வைத்த தண்ணீர் ஓடியதால் வைப்பாறு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவன் அஸ்தினாபுரத்துக்காரன், இன்னொருவர் அயோத்திக்காரர். இரண்டு பேரும் நம் சீமைக்கு வந்ததும் தேடியது தண்ணீரைத்தான். இரண்டு கதையிலும் மழை பெய்யவில்லை. தண்ணீர் மண்ணுக்கு அடியிலிருந்துதான் வருகிறது. நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையோடு சரி. மற்ற மாதங்களில் ஆறு என்றால் மணல்தான். அந்த மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய பெண்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் அம்பு விட்டதும் ஒரு வகையில் ஊற்றுத் தோண்டியதுதான் என்று எனக்குத் தோன்றும். மணலுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, அது சும்மா வந்ததில்லை, ஒருவர் நமக்காக வைத்துவிட்டுப் போனது. இதுதான் அந்தப் பக்கத்தில் நிற்கும் பாக்கி.

மற்ற நாடுகளிலும் இதே முறைதான். எகிப்தில் நைல் நதி ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் பெருகி வயலில் வண்டல் சேர்த்தது. அந்த வெள்ளத்தையே ஹாபி என்று தொந்தி வைத்த தெய்வமாக்கி வணங்கினார்கள். இன்றைய ஈராக்கில் ஓடும் யூப்ரடீஸ், டைகிரீஸ் ஆறுகள் அப்படிச் சொல்லி வைத்து வருவதில்லை. அங்கே பிறந்த கில்காமேஷ் காவியத்தில் தெய்வங்கள் ஊரையே மூழ்கடிக்கின்றன. ஆற்றின் குணம் எப்படியோ அப்படித்தான் கதையும்.

கதையால் என்ன பிரயோஜனம் என்று இளைஞர்கள் கேட்கலாம். இந்தோனேசியாவில் சிமலூ என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே பெரிய அலை வந்து பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். பூமி பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான் கதை. 2004 டிசம்பர் 26 அன்று அந்தத் தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். சுனாமியில் இறந்தவர்கள் 7 பேர். நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அங்கே நிலம் அதிர்ந்து எச்சரித்தது, நம் கரையில் அப்படி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் கடல்கோள் என்ற சொல் நம்மிடமும் இருந்தது. அது புத்தகத்தில் இருந்தது, பாட்டி வாயில் இல்லை.

நம் வட்டாரம் இன்னொரு கதையாலும் பிழைக்கிறது. தீபாவளிதான். நமக்கு நரகாசுரன் கதை. வடக்கே ராமர் அயோத்தி திரும்பிய நாள். சமணர்களுக்கு மகாவீரர் முக்தி அடைந்த நாள். கதைகள் வேறுவேறு, இருட்டில் விளக்கேற்றுவது ஒன்று. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசிப் பக்கம் தயாராகிறது. இங்கே எத்தனையோ வீட்டு அடுப்பு எரிவதற்கு அந்தக் கதைகளும் ஒரு காரணம். கதை வேறு, பிழைப்பு வேறு என்று நாம் மட்டும் சொல்லவே முடியாது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பேரேட்டில் பொய்க்கணக்கு எழுதுகிறவர்களும் உண்டு. ஒரு சாதியை உயர்த்த, இன்னொன்றைத் தாழ்த்த, பெண்ணை அடக்கி வைக்கப் புராணம் பயன்பட்டிருக்கிறது. ஆகவே எந்தக் கதையைக் கேட்டாலும், இதனால் யாருக்கு வரவு, யார் தலையில் பற்று என்று பார்க்கச் சொல்லி நம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். அது தெய்வ நிந்தனை ஆகாது.

கடைசியாக நம் சங்கதி. கௌசிகன் என்பது விசுவாமித்திரர் பெயர். அந்தப் பெயரில் ஓடும் கௌசிகா நதி விருதுநகரில் கழிவுநீரைச் சுமக்கிறது. அர்ச்சுனா நதியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போய் மாரியம்மனைக் கும்பிடுகிறோம். திரும்பி வரும்போது சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் அந்த ஆற்றிலேயே போட்டுவிட்டு வருகிறோம். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதோடு கடன் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அம்பு விட்டவனுக்குக் கட்ட வேண்டியது அப்படியே நிற்கிறது.

இரண்டு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் தாத்தா பாட்டியிடம் அவரவர் ஊர் ஆறு, கண்மாய், குலசாமி பற்றி ஒரு கதை கேட்டு ஒரு பக்கம் எழுதித் தரட்டும். நம் இதழில் போடலாம். இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்குப் பையோடு அணைக்கரைக்குப் போய், கைக்கு எட்டிய குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவோம். வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.