அணிந்தவர் சொல்ல உருவான கால்



1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் காலிழந்தோர்க்கு மேலைநாட்டு முறைச் செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. திருத்தமாகச் செய்யப்பட்ட பொருளே அது. ஆயினும் ஊர் திரும்பிய பலர் அதனைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, மீண்டும் கோலையே ஊன்றினர். காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோர்க்கென ஆன கால் அது. சேற்று வயலில் இறங்கவோ, குந்தவோ, சம்மணமிட்டு உண்ணவோ, வெறுங்காலுடன் கோயிலுள் புகவோ அது இடந்தரவில்லை.

மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும், அங்கே நோயாளிகட்குக் கைத்தொழில் கற்பித்த இராம் சந்தர் சர்மாவும் இவ்விடர்களைச் செவிமடுத்தனர். சர்மா பள்ளிக்கல்வி அதிகம் பெறாதவர், கைத்திறன் மிக்கவர். ரப்பரில் விரல்களுடன் கூடிய பாதம் வார்த்தனர். அணிந்தவர் நடந்து பார்த்துக் குறை கூறினர், திருத்தினர், மீண்டும் அணிவித்தனர். 1968 அளவில் 'ஜெய்ப்பூர்க் கால்' உருப்பெற்றது. பயன்பெறுவோரையே பங்காளராக்கும் இம்முறைக்குப் பங்கேற்பு வடிவமைப்பு என்று இன்று பெயர். பெயர் புதிது, பொறுமைதான் அரிது. உதவி பெறுவோரை மேடைக்கு அழைக்கும் அறநிலையங்கள் பல. திட்டமிடும் கூட்டத்திற்கு அழைப்பவை சிலவே.

தொடக்கத்தில் இக்காலைப் பெற்றோர் மிகச் சிலர். 1975இல் தேவேந்திர ராஜ் மேத்தா நிறுவிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, கட்டணமின்றி அதனை எளியோர்பால் கொண்டுசென்றது. முழங்காலுக்கு மேல் இழந்தோர்க்கு மலிவான மூட்டொன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் பின்னாளில் வடிவமைத்தபோதும், இச்சமிதியை நாடி வந்தோரே அதனை அணிந்து நடந்து பார்த்தனர்.