குசினிக்கு சிங்க் வைக்கப் போறீங்களா?
(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



தீபாவளி முற்பணமோ சீட்டுக் காசோ கைக்கு வந்தால் வீட்டைக் கொஞ்சம் திருத்தலாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வருகிறது. ஆம்பிளைகள் முன்பக்கத்துக்கு டைல் என்பார்கள். பொம்பிளைகள் குசினிக்கு ஒரு சிங்க் என்பார்கள். நான் பொம்பிளைகள் பக்கம். விடியற்காலையில் ஒரு தடவை, மலையிலிருந்து வந்த பிறகு இன்னொரு தடவை என்று வாசலில் குந்தியிருந்து சட்டி கழுவுகிற முதுகுதான், பகல் முழுக்கக் கொழுந்துக் கூடையையும் சுமக்கிறது. ஆகவே இது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க.

ஆனால் ஒன்று. கடையில் பளபளவென்று இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்து, பிறகு எங்கே வைக்கிறது என்று யோசிக்கிற வேலை வேண்டாம். கழுவின தண்ணி எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்க. சிங்க் வாங்குவது கடைசியாக இருக்கட்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? குந்தியிருந்து கழுவும்போது வாளித் தண்ணியோடு வேலை முடியும். டெப்பைத் திறந்து கழுவத் தொடங்கினால் செலவு கூடும். நம்ம இடமோ சமதரை இல்லை. லயத்துக்குப் பின்னால் மண்மேடு, முன்னால் பள்ளம், அந்தப் பள்ளத்தில் இன்னொரு லயம். பைப்பை சுவருக்கு வெளியே ஒரு முழம் நீட்டிவிட்டு அதோடு விட்டால், அந்தத் தண்ணி நம்ம அத்திவாரத்துக்குள்ளும் இறங்கும், கீழ் வீட்டுக்காரருக்கு மேலே உள்ள மண்ணுக்குள்ளும் இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அது பெருமழையில் சரிந்த மலை, சிங்க் தண்ணியால் வந்த வினை இல்லை. ஆனாலும் மேட்டு மண்ணை வருசம் முழுக்க ஈரமாக வைத்திருக்கிற வேலையை நாமாகச் செய்யக் கூடாது அல்லவா?

அதனால் பைப்பை சீமெந்துக் கான் வரைக்கும் கொண்டு போய்ச் சேருங்க. 2 அங்குல பைப் நல்லது. ஒரு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். அதாவது 12 அடி தூரம் போனால் மறுமுனை 3 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கான் கிட்டத்தில் இல்லாவிட்டால் உறிஞ்சு குழி வெட்டலாம், ஆனால் சரிவின் விளிம்பிலோ ஆள் இருக்கிற வீட்டுக்கு மேலேயோ வெட்டக் கூடாது. குடிதண்ணி எடுக்கிற ஊற்றுக்கும் பீலிக்கும் 50 அடியாவது விலகி இருக்கட்டும். புதிதாகக் குழி வெட்டவோ, தண்ணி லைன் இழுக்கவோ முன்னால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது உயரம். மேசன் பாஸ் வழக்கமாக 3 அடியில் பலகை அடித்துவிடுவார். அவர் உயரத்துக்கு அது சரி. ஐந்தடிக்குக் குறைந்த நம்ம அக்காமாருக்குத் தோளைத் தூக்கிக்கொண்டு கழுவ வேண்டி வரும். சுவர் ஓரமாக நேராக நின்று முழங்கையை மடக்குங்க. முழங்கையிலிருந்து நாலு அங்குலம் கீழே கரியால் ஒரு கோடு போடுங்க. சிங்க் விளிம்பு அங்கேதான் வர வேண்டும். பலருக்கு அது 32, 33 அங்குலத்தில் வரும். மாமியாருக்கு ஒரு அளவு, மருமகளுக்கு ஒரு அளவு என்றால், கூடுதலாகக் கழுவுகிறவர் யாரோ அவர் அளவுக்கு வைங்க. (அது யார் என்ற சண்டைக்கு நான் வரமாட்டேன்.)

தொட்டியின் ஆழம் 7, 8 அங்குலம் போதும். ரொம்ப ஆழமானால் மறுபடியும் குனியத்தான் வேண்டும். அகலத்துக்கு ஒரு கயிறு எடுத்து, வீட்டிலுள்ள பெரிய சோத்துப்பானையின் வாயை அளந்து முடிச்சுப் போட்டுக் கடைக்குக் கொண்டு போங்க. இரட்டைத் தொட்டி சிங்கைப் பார்த்து ஆசைப்படாதீங்க. அந்த விலைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் இரண்டு தொட்டியிலும் பானை இறங்காது. ஒற்றைத் தொட்டியும், பக்கத்தில் பாத்திரம் கவிழ்க்க ஒரு தட்டும் உள்ளதே நமக்குத் தோது.

எந்த சில்வர் நல்லது என்று கேட்பீங்க. 304 என்பது நல்ல ரகம். அதில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும், லேசில் துரு வராது. பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டு போய் வைத்துப் பாருங்க. இழுத்து ஒட்டினால் அது 304 இல்லை. ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம், நிக்கல் குறைந்த 202க்கும் காந்தம் ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்க; எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்க. தகட்டின் கேஜ் நம்பர் குறையக் குறையத் தகடு தடிப்பாகும். 18 என்றால் 20ஐ விடப் பலம். அடியைப் பெருவிரலால் அழுத்தினால் 'டொக்கு' விழக் கூடாது.

விறகடுப்புக் கரிச்சட்டியை மணல் போட்டுத் தேய்க்கிற வேலையை இந்த சிங்கில் செய்யாதீங்க. அதற்கு வெளியே உள்ள பழைய கல்லே இருக்கட்டும். கம்பிப் பஞ்சால் தேய்த்தால் அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பிறகு சிங்க் துருப்பிடித்தது என்று கடைக்காரரோடு சண்டை.

டெப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணி நேரத்துக்குத்தான் வரும் தோட்டங்களில், வராத வேளையில் டெப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் மலைக்குப் போகிற வழக்கம் உண்டு. பத்து மணிக்குத் தண்ணி வரும், வீட்டில் ஆள் இல்லை, சிங்க் ஓட்டையில் ஒரு கோப்பை கவிழ்ந்து கிடக்கும். சாயங்காலம் குசினி குளமாக இருக்கும்.

சிங்குக்கு அடியில் வளைந்த ஒரு துண்டு பூட்டுவார்கள், ட்ராப் என்று பெயர். காசை மிச்சம் பிடிக்க அதை விடாதீங்க. அந்த வளைவில் நிற்கிற தண்ணிதான் கானின் நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வராமல் தடுக்கிறது. ஆனால் அடைப்பதும் அங்கேதான். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியா பக்கத்துக் குளிரில் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிறது, பைப்புக்குள் விடுமா? அதோடு தேயிலைச் சக்கையும் ரொட்டி மாவும் சேர்ந்தால் சீமெந்து மாதிரி இறுகிவிடும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவ முன் பழைய கடதாசியால் துடைத்து அதை அடுப்பில் போடுங்க. சக்கை வாழைக்கு அடியில் போகட்டும். மாதம் ஒரு தடவை வாளியை அடியில் வைத்துவிட்டு ட்ராப்பைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுங்க. அதற்கு பாஸ் வரத் தேவையில்லை. வாங்கும்போதே கையால் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் ட்ராப்பாகக் கேளுங்க.